ஆட்சியர் அவர்களே, ஒரு போட்டி வையுங்கள்

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்களுக்கு,



2023 பிப்ரவரியில் நம் மாவட்டத்தில் ஒரே இரவில் நான்கு ஏடிஎம்களை கேஸ் கட்டரால் வெட்டி, 70 லட்சம் ரூபாய்க்கு மேல் அள்ளிக்கொண்டு போனார்கள். தமிழ்நாடே அதைப் பேசியது. தனிப்படைகள் அரியானா வரை போய் ஆட்களைப் பிடித்துவந்தன. கேஸ் கட்டரும் காரும் இல்லாமல் ஓர் ஓடிபியை மட்டும் வாங்கிக்கொண்டு பணத்தை உருவுகிற திருட்டுக்கு அந்தப் பரபரப்பு கிடைப்பதில்லை. சைபர் குற்ற உதவி எண் 1930க்கு ஒரு போன், ஒரு புகார் எண், அத்தோடு வீட்டுக்குள் ஒரு முணுமுணுப்பு.

இதைத் தடுக்கக் கல்லூரிகளில் நாம் நடத்துவது விழிப்புணர்வுக் கூட்டம். அதிகாரி பேசுவார், உறுதிமொழி எடுப்பார்கள், பேனரைப் பிடித்துக்கொண்டு படம் எடுப்பார்கள். ஓடிபியைச் சொல்லக் கூடாது என்பது மாணவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஓர் இணையதளம் எந்த இடத்தில் ஓட்டையாகிறது என்பதைத்தான் அவர்கள் கையால் தொட்டுப் பார்த்ததில்லை. அதற்கு ஒரு போட்டி கேட்டே இந்த மடல்.

‘கேப்சர் தி ஃபிளாக்’, சுருக்கமாக சிடிஎஃப் என்பார்கள். வேண்டுமென்றே பிழையோடு கட்டிய இணையதளம், பூட்டிய கோப்பு, குழப்பிய செய்தி என்று ஏதாவது ஒன்றைத் தருவார்கள். பிழையைக் கண்டுபிடித்தால் உள்ளே ஒளித்துவைத்த ஒரு வரி கிடைக்கும். அந்த வரிதான் ஃபிளாக். அதை ஒப்படைத்தால் மதிப்பெண்.

ஓர் உதாரணம். போட்டிக்காகவே ஒரு போலித் தேர்வு முடிவுப் பக்கம் செய்கிறோம். மாணவி தன் பதிவெண்ணை அடித்ததும் அவள் மதிப்பெண் வருகிறது. மேலே முகவரிப் பட்டையைப் பார்த்தால், அந்த எண் அப்படியே கடைசியில் நிற்கிறது. கடைசி இலக்கத்தை மாற்றித் தட்டுகிறாள். அடுத்தவர் மதிப்பெண் திறக்கிறது. கேட்பது யார், அவருக்கு இதைப் பார்க்க உரிமை உண்டா என்று சர்வர் சோதிக்கவே இல்லை. எண்ணை மாற்றிக்கொண்டே போனால் ஒரு பக்கத்தில் ஃபிளாக். பத்து நிமிட வேலைதான். நாளை அவள் ஒரு கூட்டுறவு வங்கிக்கோ அரசுத் துறைக்கோ இணையதளம் செய்யும்போது அந்தச் சோதனையை எழுத மறக்கமாட்டாள்.

இதையே உண்மையான தளத்தில் செய்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆவது பிரிவில் மூன்றாண்டு வரை சிறைக்குப் போக நேரலாம். ஆர்வமுள்ள பையன்கள் எங்கேயாவது கையை வைத்துப் பார்க்கத்தான் போகிறார்கள். அனுமதியோடு கை வைக்க நாமே ஓர் இடம் கொடுத்துவிடுவது நல்லது. நம் மாவட்ட சைபர் கிரைம் போலீசாரும் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடட்டும் என்பேன்.

இது புதிய யோசனை இல்லை. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 2013 முதல் ‘பிகோசிடிஎஃப்’ நடத்துகிறது. பள்ளிப் பிள்ளைகளை மனத்தில் வைத்துத் தொடங்கியது, கட்டணம் இல்லை, குறிப்புகளைத் திறந்து பார்க்கலாம், பழைய புதிர்களைப் பிறகும் போட்டுப் பழகலாம். பக்கத்துக் கேரளத்தில், அமிர்தா பல்கலைக்கழகத்தின் அமிர்தபுரி வளாகத்து ‘பயாஸ்’ மாணவர் குழு 2010 முதல் ‘இன்சிடிஎஃப்’ நடத்தி வந்திருக்கிறது. பள்ளி மாணவர்களுக்கென்றே தனியாக ஒரு ஜூனியர் போட்டியும் வைத்தார்கள். கொல்லம் பக்கத்து ஒரு கடலோர ஊரில் முடிந்தது, இங்கே முடியாதா?

முடியும். ஆனால் சென்னைக் கல்லூரிகளின் ஹேக்கத்தான்களைப் பார்த்து நகல் எடுத்தால் முடியாது. அங்கே நுழைவுக் கட்டணம், இரவு முழுக்க விழிப்பு, ஏற்கெனவே கைதேர்ந்த நாலு பேருக்குப் பரிசு, மற்றவர்களுக்குச் சான்றிதழ். (சான்றிதழ் அச்சடிப்பவருக்குத்தான் உண்மையான லாபம் என்று எனக்கு ஓர் எண்ணம்.) கலைஞர் கருணாநிதி அரசு கலைக் கல்லூரியில் கணிதமோ கணினி அறிவியலோ படிக்கும் மாணவரும், செய்யாறு அரசுக் கல்லூரியிலிருந்து வருபவரும் முதல் மணி நேரத்திலேயே ஒரு ஃபிளாக்காவது எடுக்க வேண்டும். இல்லையென்றால் அவர்கள் அடுத்த வருடம் வரமாட்டார்கள்.

அதனால் கேள்விகள் தமிழிலும் இருக்கட்டும். புதிருக்கு முன்னால் ஆங்கிலத்தில் வரும் அரைப் பக்கக் கதையைப் புரிந்துகொள்வதிலேயே நம் பிள்ளைகள் களைத்துப்போகிறார்கள். புதிருக்கு வருவதே இல்லை. போட்டிக்கு முன் இரண்டு சனிக்கிழமை பயிற்சி. முதல் முறை வருபவர்களுக்குத் தனி மதிப்பெண் பலகை. முடிந்ததும் எல்லா விடைகளையும் விளக்கத்தோடு வெளியிட வேண்டும், தோற்றவருக்குத்தான் அது அதிகம் பயன்படும். பௌர்ணமியிலும் கார்த்திகை தீபத்தையொட்டிய நாட்களிலும் தேதி வைத்துவிடாதீர்கள். கிரிவலக் கூட்டத்தில் பேருந்து கிடைக்காது. ஜவ்வாது மலையிலிருந்து வரும் ஜமுனாமரத்தூர்ப் பிள்ளைகள் வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பும்படி முடித்துவிடுங்கள்.

செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். போட்டியை நடத்தும் ‘சிடிஎஃப்டி’ மென்பொருளைத் திறமூலமாகவே எடுத்துக்கொள்ளலாம். கல்லூரி ஆய்வகத்தில் ஒரு கணினியைச் சர்வராக்கி மற்றவற்றைக் கம்பியில் இணைத்தால் போதும், இணையம் துண்டித்தாலும் ஆட்டம் நிற்காது. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக 2025-26 மாநில நிதிநிலை அறிக்கை சொன்னது. அந்தக் கருவியில் படம் பார்ப்பதைத் தவிர வேறென்ன செய்யலாம் என்று காட்டவும் யாராவது வேண்டுமே. மாணவர் திறன் பயிற்சிக்கான ‘நான் முதல்வன்’ திட்டத்தின் கீழ் இந்தப் போட்டியைச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள்.

தங்களிடம் கேட்பது மூன்றுதான்: ஓர் ஆய்வகம், பயிற்சிக்கும் போட்டிக்கும் சேர்த்து மூன்று சனிக்கிழமை, கல்லூரி முதல்வர்களுக்குத் தங்கள் கையெழுத்தில் ஒரு சுற்றறிக்கை. கேள்விகளைத் தமிழில் எழுதித்தர இந்த ஊரிலேயே ஆள் இருக்கிறது. இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் தேதியை அறிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
திருவண்ணாமலை குடிமகன் ஒருவன்