காலைக் கவ்வும் இளநாய்



முல்லைத்தீவுப் பக்கமிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். ஆறு ஆடுகளும் இரண்டு பிள்ளைகளும் உள்ள வீடு. காவலுக்கென்று வளர்த்த குட்டிக்கு இப்போது எட்டு மாதம். ஆடுகள் மேயப் புறப்பட்டால் பின்னங்காலைக் கவ்விக் கலைக்கிறதாம். பிள்ளைகள் ஓடி விளையாடினாலும் குதிக்காலில் பல் படுகிறதாம். "அக்கா, இதைக் கட்டியே வைப்பதா, எங்காவது கொண்டுபோய் விடுவதா?" என்று கேட்கிறார்.

இரண்டும் வேண்டாம். இரவில் ஆண் துணையில்லாத வீட்டில் ஒரு நாயின் குரைப்பு எவ்வளவு பலம் என்பது நம்மில் பலருக்குத் தெரியும்.

அந்த நாய்க்கு விசரும் இல்லை, கெட்ட குணமும் இல்லை. உற்றுப் பார்ப்பது, பதுங்கிப் போவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது என்பது ஓநாயின் வேட்டை முறை. மேய்ப்பு நாய்களை வளர்த்தவர்கள் முதல் மூன்றையும் வளர்த்தெடுத்து, கொல்வதை அடக்கினார்கள். 1893இல் இங்கிலாந்தின் நோர்தம்பர்லாந்தில் பிறந்த 'ஓல்ட் ஹெம்ப்' என்ற நாய் குரைக்காமல், பார்வையாலேயே செம்மறிகளை நகர்த்தியது. இன்றைய 'போர்டர் கொலி' நாய்களில் பெரும்பாலானவை அதன் வழிவந்தவை. நம் ஊர் நாய்களை அப்படித் தெரிந்தெடுத்து வளர்க்கவில்லை. ஆனாலும் ஓடுகிற காலைக் கண்டால் கலைக்கும் உணர்வு அவற்றுக்கும் உண்டு. ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில் அது முறுக்கேறி நிற்கும்.

விளையாட்டுத்தானே என்று விட்டுவிடவும் கூடாது. சினை ஆட்டைக் கலைத்தால் குட்டி வீசிவிடக்கூடும். வெருண்ட ஆடுகள் மிதிவெடிப் பலகை நாட்டிய காட்டுக்குள் ஓடினால், பின்னால் ஓடுவது நம் பிள்ளை. ஆடு போனால் போகட்டும், பலகையைத் தாண்டக் கூடாது என்று பிள்ளைக்கு இன்றே சொல்லி வையுங்கள்.

"அடியாத மாடு படியாது" என்பார்கள். நாய்க்கு அது சரிவராது. அடிபட்ட நாய் உறுமுவதை விட்டுவிட்டு நேரே கடிக்கப் பழகிவிடும். நாள் முழுக்கக் கட்டிப்போட்டாலோ, அவிழ்த்த உடனே இரட்டிப்பாய்ப் பாயும்.

என் வீட்டு நாய்க்கு நான் செய்ததைச் சொல்கிறேன். காலையில் ஆட்டுக் கொட்டிலைத் திறக்க முன்னர் நாயைக் கொஞ்சத் தூரம் நடத்திக்கொண்டு போவேன். ஆடுகள் இல்லாத நேரத்தில் வளவுக்குள் "வா", "இரு" என்ற இரண்டு சொல்லையும் பழக்கினேன். ஒருமுறைக்கு ஐந்து நிமிடம் போதும். சொன்னதைச் செய்தால் ஒரு சிறு கருவாட்டுத் துண்டு. அது நன்றாகப் படிந்த பிறகுதான், நீளக் கயிற்றில் பிடித்தபடி ஆடுகளுக்குத் தூரத்தில் நிற்க வைத்தேன். தலையைத் தாழ்த்தி, கண் வெட்டாமல் ஆட்டைப் பார்க்கிறதா? அந்த நேரத்தில் கூப்பிட வேண்டும். பாய்ந்த பிறகு கத்துவது வீண். நம் சத்தமும் அதற்கு விளையாட்டாகிவிடும். கூப்பிட்டதும் திரும்பி வரும்வரை கயிற்றை அவிழ்க்கக் கூடாது. இதற்கு மாதக்கணக்கும் ஆகலாம்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது வேறு. நாய் காலுக்கு வந்தால் ஓடாமல், கத்தாமல், கையைக் கட்டி மரம்போல நிற்க வேண்டும். அசையாத காலில் நாய்க்குச் சுவாரசியம் இல்லை. சத்தத்துக்கே பதறும் பிள்ளைகளுக்கு இது இலகுவல்ல. அதனால் நாய் இல்லாத நேரத்தில் தாயும் சேர்ந்து நின்று விளையாட்டாகப் பழக்குங்கள். சின்னப் பிள்ளையையும் இளநாயையும் தனியே விட வேண்டாம். நாய் கவ்வுவதற்குப் பழைய சாரத்தை முறுக்கி முடிச்சுப் போட்டுக் கொடுக்கலாம்.

பல் பட்டுத் தோல் கீறினால், நம் வீட்டு நாய்தானே என்று இருந்துவிடாதீர்கள். சவர்க்காரம் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கோப்பித் தூள், சுண்ணாம்பு எதுவும் பூச வேண்டாம். அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி தேவையா என்பதை வைத்தியர் சொல்வார். அங்கே அதற்குக் காசு இல்லை. நாயை அடித்துக் கொல்லவோ துரத்தவோ வேண்டாம், அதற்கு நோய் உண்டா என்று சில நாள் பார்க்க வேண்டிவரும். விசர்நாய்த் தடுப்பூசியை நாய்க்கு வருடாவருடம் போட வேண்டும். உங்கள் ஊரில் எப்போது போடுகிறார்கள் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். போட்டதும் தரும் அட்டையைப் பிள்ளைகளின் கிளினிக் அட்டைகளோடு சேர்த்து வையுங்கள்.