தடைக்காலமும் சுகர் மாத்திரையும்

1/ மாசச் சம்பள பட்ஜெட் மீனவர் வீட்டுக்குச் சரிப்படாது. தூத்துக்குடியில ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. திடீர்ச் செலவு இல்லைங்க இது. தேதி தெரிஞ்ச செலவு.

2/ வீட்டுச் செலவு நாளுக்கு 300 ரூபாய்னா 61 நாளுக்கு 18,300. மீதி 43 வாரமும் பங்குப் பணம் வாங்கின கையோட 430 ரூபாய் எடுத்து வைங்க. அரசு நிவாரணம் வந்தா அது கூடுதல்.

3/ சேமிப்பு இல்லேன்னா நகை அடகுக்குப் போகும். அடுத்த வெட்டு மாத்திரைக்குத்தான்.

4/ சுகர், பிரஷர் மாத்திரை அரசு மருத்துவமனையில இலவசம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வரும். காசில்லைன்னு நிறுத்தாதீங்க. நிறுத்தின மாத்திரை கால் புண்ணா வந்து நின்னா, தடை முடிஞ்சாலும் படகு ஏற முடியாது.