மலையேறியும் ஒலிபெருக்கியா?

நம் மறைமாவட்டங்களில் தியானங்களுக்குக் குறைவில்லை. தவக்காலம் வந்தால் பங்குதோறும் தியானம். துறவியர்க்கு ஆண்டுத் தியானம். இளைஞர்க்கென்று மலைத் தியானம். இம்மலைத் தியானத்தைப் பற்றியே நமக்கு ஒரு வழக்கு உண்டு.

கொடைக்கானலுக்கோ ஏற்காட்டிற்கோ பேருந்து அமர்த்தி ஏறுகின்றோம். ஏறியபின் செய்வதென்ன? மண்டபக் கதவைச் சாத்தி ஒலிபெருக்கியை முடுக்குகின்றோம். விடியல் தொட்டு இரவுவரை உரை, பாடல், மீண்டும் உரை. இடையில் கிடைக்கும் அரைமணி தேநீருக்கும் புகைப்படத்திற்கும் சரியாகிவிடுகிறது. சோலைக்காட்டில் மூடுபனி இறங்குவதைக் காண ஆளில்லை. இதற்கு ஊர்க் கல்யாண மண்டபம் போதாதா?

"இறைவன் எங்கும் இருக்கின்றார், மலைக்குப் போனால்தானா?" என்று வினவுவோர் உளர். அவர் எங்கும் இருக்கின்றார், ஐயமில்லை. இருக்கும் இடத்தில் இல்லாதவர்கள் நாம்தாம். வீட்டிலிருக்கையில் அலுவலகத்திலும், திருப்பலியில் இருக்கையில் கைப்பேசியிலும் இருக்கின்றோம்.

1522-இல் மன்றேசா நகரையடைந்த புனித இஞ்ஞாசியார், கார்தோனர் ஆற்றை நோக்கி அமர்ந்திருந்த வேளையில் பேரொளி பெற்றார். அங்கே அவருக்கு எவரும் பிரசங்கம் செய்யவில்லை. 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த அவரது ஆன்மீகப் பயிற்சிகள், தியானம் கொடுப்பவர் சுருங்கப் பேச வேண்டும், படைத்தவருக்கும் ஆன்மாவுக்கும் குறுக்கே நிற்கலாகாது என்கின்றன. பாவத்தை எண்ணும் முதல் வாரத்தில் சன்னலை அடைக்கச் சொன்னவர், உயிர்ப்பின் வாரத்தில் வெளிச்சத்தையும் பருவத்தின் இனிமையையும் துய்க்கச் சொல்கிறார். சாத்துவதற்கும் திறப்பதற்கும் அவரிடம் காரணம் இருந்தது. நமக்கோ ஒலிபெருக்கி எதிரொலிக்கிறது என்பதே காரணம்!

உரை கேட்டுக் கண்ணீர் விடுதல் எளிது. வரப்புத் தகராறில் அண்ணனோடு பத்தாண்டுகளாகப் பேசாதது நெஞ்சில் எழும்புவது, மரத்தடியில் பேச்சற்று ஒரு மணிநேரம் அமர்ந்திருக்கும்போதுதான். ஒப்புரவு அருளடையாளத்திற்கு அதனினும் நல்ல ஆயத்தம் ஏது? இந்த அமைதிக்கு நாம் அஞ்சுகின்றோம். பேசாதிருந்தால் கட்டணத்திற்கு ஈடாகாது என்னும் கணக்கும் உடன் சேர்ந்துகொள்கிறது.

மலைத் தியானம் வசதி படைத்தோர்க்கே என்னும் குற்றச்சாட்டை மட்டும் நாம் எளிதில் தள்ளுவதற்கில்லை. கூலி வேலை செய்பவர்க்கு மூன்று நாள் தியானம் மூன்று நாள் கூலி இழப்பு. ஆனால் ஏரிக்கரைக்கும் பனந்தோப்பிற்கும் கட்டணமேது? கடற்கரைப் பங்குகளில் ஆலய வாயிலிலேயே கடல் கிடக்கிறது. ஞாயிறு மாலையில் நற்செய்திப் பகுதி ஒன்றை வாசித்துவிட்டு, மக்களை ஒரு மணிநேரம் அங்கே தனித்திருக்க விடலாமே. அதற்குக்கூடப் பந்தலும் ஒலிபெருக்கியும் வேண்டுமென்போரை என்னென்பது?

அடுத்த தவக்காலத்திற்கு நிகழ்ச்சி நிரல் வகுக்கவிருக்கும் அருள்பணியாளர்களுக்கு நம் விண்ணப்பம் இது: நாளுக்கு இரண்டு உரைகள், ஒவ்வொன்றும் அரைமணி, எஞ்சிய பொழுதில் மண்டபக் கதவு திறந்திருக்கட்டும். முதியோர்க்குக் கம்பளியும் குடையும் ஏற்பாடு செய்துவிட்டால் போதும்.