மதகின் சாவி யார் கையில்?



ஊர் கூடி ஏரி வெட்டியது. மதகின் சாவியை மட்டும் பண்ணையார் மடியில் செருகிக்கொண்டார். கம்ப்யூட்டர் உலகில் இன்று நடக்கும் கதை இதுதான்.

கம்ப்யூட்டரை இயக்கும் ஆதார மென்பொருள்களில் ஒன்று லினக்ஸ். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கினார். உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் உழைத்து வளர்த்தனர். யாரும் அதைப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். ஆனால் உபுண்டு, ஃபெடோரா, டெபியன் என்று அதற்குப் பல கிளைகள். ஒரு கிளைக்கென்று கட்டிய மென்பொருள் மூட்டை இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. ஒரே சரக்கைப் பல விதமாகக் கட்டும் வீண் உழைப்பு! எங்கும் செல்லும் பொது மூட்டை வேண்டும் என்பது நியாயமான கோரிக்கையே.

அந்த நியாயத்தைச் சாக்காக்கி, உபுண்டுவை வெளியிடும் கனானிக்கல் கம்பெனி 'ஸ்னாப்' என்ற மூட்டையைக் கொண்டுவந்தது. மூட்டையை அவிழ்க்கும் கருவியின் செய்முறை பகிரங்கம். மூட்டைகளை விநியோகிக்கும் கிடங்கின் செய்முறையோ பரம ரகசியம்! கருவி நாடிச் செல்வது ஒரே கிடங்கை. அதன் எஜமானன் கனானிக்கல்.

2020-ல் வெளியான உபுண்டுவில், குரோமியம் என்ற இணைய உலாவியைப் பழைய முறையில் கேட்டவனுக்குக் கிடைத்தது வெறும் கூடு. அது இழுத்து வந்தது ஸ்னாப்பை! லினக்ஸ் மின்ட் குழுவினர் அவ்வாண்டே ஸ்னாப்பை வாசலில் நிறுத்தினர். 2022-ல் ஃபயர்பாக்ஸுக்கும் அதே கதி. 2023-ல், 'ஃபிளாட்பேக்' என்ற மாற்று முறையை உபுண்டுவின் கிளைப் பதிப்புகள் முன்கூட்டியே வைத்துத் தருவதும் நின்றது.

"ஒரே வாசல் இருந்தால்தான் காவல்" என்கிறார்கள். 2023-ல் அதே வாசல் வழியாக மோசடி மூட்டைகள் புகுந்தனவே! புதுப் பதிவுகளைத் தற்காலிகமாகக் கட்டுப்படுத்த நேர்ந்ததே! எங்கே போயிற்று காவல்?

மாற்று வழி உண்டு. ஃபிளாட்பேக் முறையில் எவரும் தனிக் கிடங்கு வைக்கலாம். இன்று பெரும்பாலோர் 'ஃபிளாட்ஹப்' என்ற ஒரே கிடங்கை நாடினாலும் மற்றவருக்குக் கதவு அடைபடவில்லை. 'ஆப்இமேஜ்' மூட்டைக்கோ கிடங்கே தேவையில்லை. ஒரே கோப்பு, கைக்குக் கை மாறும்.

நெல் விளைவித்தவன் கையில் களஞ்சியச் சாவி இல்லை. நூல் நூற்றவன் கையில் ஆலைச் சாவி இல்லை. கூட்டு உழைப்பைக் காசில்லாமல் பெற்று, விநியோகத்தில் ஏகபோகம் கட்டுவது மூலதனத்தின் பழைய வித்தை. புதிய வேஷத்தில் வந்தாலும் உழைப்பாளி அதை அடையாளம் காண்பான்.

கிடங்கின் செய்முறையைப் பகிரங்கமாக்கு!

பல கிடங்குகளுக்கு வழி விடு!

கேளாத மூட்டையைத் தலையில் கட்டாதே!