காலியிடத்தை அடைப்பதற்குப் பெயர் பயிற்சியா?

எம்.டி., எம்.எஸ். படிப்பவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் வேலை பார்த்தாக வேண்டும் என்று 2020இல் நாடு முழுமைக்கும் விதி வந்தது. ‘அங்க போய் என்னத்தக் கத்துக்கப் போறோம்?’ என்ற முணுமுணுப்பு இன்னும் ஓயவில்லை. அபத்தம். தீவிர சிகிச்சை கற்க அதைவிட நல்ல இடம் ஏது?

பூச்சிமருந்து குடித்து வந்தவருக்கு ஐந்து நிமிடத்துக்கொரு முறை அட்ரோபினை இரட்டிப்பாக்கி, நெஞ்சுச் சளியின் கொறகொறப்பு அடங்கும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும். கண்ணாடிவிரியன் கடியா? சுத்தமான கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். (பிளாஸ்டிக் குழாயில் ஊற்றினால் நல்ல ரத்தமும் உறையாமல் ஏமாற்றும். இதெல்லாம் கைப்பழக்கத்தில் வருவது.)

என் கோபம் வேறு. கூட நின்று சொல்லித்தர அங்கே யார் இருக்கிறார்? விதி பயிற்சி என்கிறது; டியூட்டி பட்டியலோ பல இடங்களில் காலியிடத்தை அடைக்கிறது. நள்ளிரவில் வென்டிலேட்டர் அலறும்போது சீனியர் போனில் இருப்பார்: ‘பீப்பைக் கொஞ்சம் கூட்டிப் பாரு தம்பி.’ நுரையீரல் சுருங்காமல் தாங்குகிற அந்த அழுத்தத்தைக் கூட்டினால் ரத்த அழுத்தம் சரியலாம். சரிந்தால் தம்பி மறுபடி போன் போட வேண்டும்.

‘நாங்களும் அப்படித்தான் கத்துக்கிட்டோம்’ என்று பெருமை பேசும் மூத்தவர்களே, யார் உடம்பில் கற்றீர்கள்? பெரிய ஊருக்குப் போக வழியில்லாமல் அங்கேயே படுத்திருந்தவர் உடம்பில்தானே?

இரவில் ஒரு தீவிர சிகிச்சை நிபுணரை அந்த வார்டில் நிற்க வையுங்கள். அப்புறம் மூன்று மாதமென்ன, ஆறு மாதம்கூட அனுப்புங்கள்.