அட்டையும் கதையும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது முன்னோர் வாக்கு. அது புத்தகத்துக்கும் பொருந்தும் என்பதைச் சென்ற மாதம் ஒரு சிறுமி எனக்குக் கற்பித்தாள்.

நம் சங்கத்துச் சிறுவர் கதைத் தொகுப்புக்கு அட்டைப்படம் வரையும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருந்தனர். கதைகளைப் படிக்க அவகாசம் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் கூறிக்கொண்டு, கோபுரம், குத்துவிளக்கு, தாமரை மூன்றையும் அழகுற வரைந்து கொடுத்தேன். கண்டவர் யாவரும் பாராட்டினர். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும் கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு, “மாமா, கதையில் கோபுரமே வரவில்லையே!” என்றாள்.

அவள் கூறியது உண்மை. இரவுப் பணிக்குச் சென்ற தந்தையை எதிர்நோக்கி விழித்திருக்கும் இரயில்வே குடியிருப்புச் சிறுவன் ஒருவனைப் பற்றியதே தொகுப்பின் முதற் கதை. நம் பிள்ளைகளின் வாழ்வு உள்ளே இருந்தது. நானோ அதைப் படியாமலே அட்டை வரைந்திருந்தேன்.

இத்துறையில் நாம் பாடம் கேட்க வேண்டியவர் வங்கத்தில் வாழ்ந்தார். திரைப்பட மேதை சத்யஜித் ராய், 1943-இல் கல்கத்தாவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் மாதம் 80 ரூபாய் ஊதியத்தில் சேர்ந்தவர். பின்னர் டி. கே. குப்தாவின் சிக்னெட் பிரஸ் நூல்களுக்கு அட்டைகள் வரைந்தார். குமாவூன் மலைப்பகுதியின் ஆட்கொல்லிப் புலிகளைப் பற்றி ஜிம் கார்பெட் எழுதிய நூலின் வங்கப் பதிப்புக்கு அவர் பாயும் புலியையும் வரையவில்லை. துப்பாக்கி ஏந்திய வேட்டைக்காரரையும் வரையவில்லை. அட்டை முழுதும் புலித்தோலின் வரிகள். முன்னட்டையில் குண்டு பாய்ந்த துளை. பின்னட்டையில் அது வெளியேறிய துளை. நூலைக் கையில் எடுப்பவர் புலியையே கையில் எடுக்கிறார்! விபூதிபூஷணின் ‘பதேர் பாஞ்சாலி’யின் சிறுவர் பதிப்புக்குப் படங்கள் வரைந்தவரும் அவரே. அக்கதையில் தோய்ந்த உள்ளந்தான் 1955-இல் அதனைத் திரைப்படமாக்கி உலகுக்கு அளித்தது.

பள்ளியில் தமிழ் கற்கும் வாய்ப்பில்லாத நம் பிள்ளைகள் முதலில் படிப்பது அட்டையைத்தான். அட்டை ஒன்று கூறி, உள்ளே வேறொன்று இருக்குமாயின், ஏமாந்த பிள்ளை அடுத்த தமிழ்ப் புத்தகத்தைத் தொடத் தயங்கும். அந்த இழப்புக்கு ஈடு ஏது?

அன்றிரவே கதைகள் அனைத்தையும் படித்தேன். புதிய அட்டையில் ஒரு சன்னல். அதனருகே மூடி வைத்த சாப்பாட்டுத் தட்டு. தொலைவில் ஒரு சிவப்பு விளக்கு. இன்னும் எழுத்தறியாத அச்சிறுமியின் தம்பி அதனை உற்று நோக்கி, “யாருக்கு மாமா சாப்பாடு வைத்திருக்கிறார்கள்?” என்று வினவினான். “அக்காவைப் படித்துச் சொல்லச் சொல்” என்றேன். இருவரும் பிரதியுடன் திண்ணையில் அமர்ந்தனர்.

இனிவரும் தொகுப்புகளுக்குப் படம் வரைய முன்வரும் அன்பர்களுக்கு ஒரே வேண்டுகோள்: தூரிகையைத் தொடுமுன் கதையைப் படியுங்கள்.