மூன்று முகாம்கள், ஒரு தேதி

மதிப்பிற்குரிய புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

லேணாவிளக்கு, அழியாநிலை, தோப்புக்கொல்லை: தங்கள் மாவட்டத்தில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இவை. 1983 கலவரத்துக்குப் பிறகும், 1990-இல் போர் மறுபடி மூண்டபோதும் தாயின் இடுப்பில் அமர்ந்து கடல் தாண்டிய குழந்தைகள் இன்று நடுவயதில் நிற்கிறார்கள்.

குண்டுச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் கசந்து போயிருந்தால் யார் குறை சொல்ல முடியும்? நடந்ததோ வேறு. இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் எஸ்.சி. சந்திரஹாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் படிப்பைப் பிடித்துக்கொண்டது. முகாமில் படித்தவர்களே தம்பி தங்கைகளுக்கு மாலை வகுப்பு எடுத்தார்கள். 2004-இல் ஆழிப்பேரலை அடித்தபோது அக்கழகத்தின் முகாம் இளைஞர்கள் நாகப்பட்டினக் கரைக்கு உதவப் போனார்கள். வீடிழந்தவரிடம் எப்படிப் பேசுவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அரசும் கைகொடுத்தது. 2021 ஆகஸ்டில் 317 கோடி ரூபாய்த் திட்டத்தையும், அதில் 7,469 புதிய வீடுகளையும் முதலமைச்சர் அறிவித்தார். 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் போனது.

வீடு சரி, குடியுரிமை?

1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் வேறு நாட்டவரானாலும், பிறப்பால் இந்தியர் என்கிறது குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண் ஒருவர் இதை வைத்தே மதுரை உயர் நீதிமன்றக் கிளையை நாடினார். 2022-இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார்.

தாயோ தந்தையோ இப்படி இந்தியரானால், 2004 டிசம்பர் 3-க்கு முன் இங்கே பிறந்த அவர்கள் பிள்ளையும் இந்தியரே. ஒரு பிறப்புச் சான்றிதழில் இரண்டு தலைமுறை கரையேறலாம். அதற்கு ஒவ்வொருவரும் வக்கீல் வைத்து வழக்காட வேண்டுமா?

1991 வாக்கில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் இம்மாவட்டத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுத் தந்தது. எந்த அரசாணையும் கேட்காத வேலை அது. தாங்களும் மூன்று முகாம்களுக்கும் வருவாய்த்துறை அலுவலர்களை அனுப்பி, 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவர்களைப் பட்டியலிடச் சொல்லுங்கள். தொலைந்த பிறப்புப் பதிவுகளை மண்டபம் முகாம் ஆவணங்களோடு ஒப்பிட்டு மீட்டுத்தர உத்தரவிடுங்கள். பட்டியல் தங்கள் கையெழுத்தோடு சென்னைக்கும் டெல்லிக்கும் போகட்டும்.

பணிவன்புடன்,
புதுக்கோட்டை வாசகர்